பிராண்டன் பேரில் ஓர் அர்ச்சனை

கேட்டி, டெக்ஸாஸ்
25 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஷ்யாமளா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? போனில் கேட்டால் "எல்லாம் ஜோரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச முடியாததை எழுதுகிறேன். இவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். கடிதமென்றால் பயமில்லை, உன் கையெழுத்தைப் படிக்க இவருக்குப் பொறுமை கிடையாது.

மகிழனுடைய ஃபுட்பால் விஷயம்தான். நம் ஊர் ஃபுட்பால் இல்லை இது. காலுக்கு வேலை கம்மி. குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்து முதலில் அவன் கைக்கு வரும், அவன் அதைத் தன் ஆளுக்கு எறிய வேண்டும். எதிர் டீமுக்கு ஒரே வேலை, அவன் எறிவதற்குள் அவனைக் கீழே சாய்ப்பது. கபடியில் பாடிப் போகிறவனைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் பிடிக்க வருகிற ஒவ்வொருவனும் நம் வீட்டு பீரோ அளவு.

பழைய குவார்ட்டர்பேக் படிப்பு முடித்துப் போய்விட்டான். அந்த இடத்துக்கு இப்போது நம் பையனும் பிராண்டன் என்று இன்னொருவனும் போட்டி. ஆகஸ்ட் பயிற்சியில் பார்த்து முடிவு செய்வேன் என்று கோச் சொல்லிவிட்டார். இருவருக்கும் இது பள்ளியில் கடைசி வருஷம். தோற்றவன் வருஷம் முழுக்க ஓரத்தில் நிற்க வேண்டியதுதான்.

இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இவரைப் பார்த்து "ஹாய் சேனா" என்று சொல்லி நகர்ந்துவிடும் ஆபீஸ்காரர்கள் இப்போது நின்று பேசுகிறார்களாம். கடையில் முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க மேக்கோட டாடியா?" என்றாராம். மகிழன் இங்கே மேக் ஆகிவிட்டான்.

எனக்கு வேண்டாம் அக்கா. போன வருஷம் சின்ன டீமில் ஆடும்போது ஒருவன் மோதி மல்லாக்க விழுந்தான். எழுந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது காரில் "வாட்ஸ் ஃபார் டின்னர், மா?" என்றான். சப்பாத்தி என்றேன். அடுத்த சிக்னலில் மறுபடியும், புதுசாகக் கேட்கிற மாதிரி, "வாட்ஸ் ஃபார் டின்னர், மா?" டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இவரும் கோச்சும் அதை மறந்தே போனார்கள். இன்னும் அந்த சிக்னல் வந்தால் நான் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். வேண்டாமென்று சொல்லி, அழுது, சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தேன். இவர் பள்ளியின் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

அதனால் நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். மருதமலைக்குப் போய் முருகனுக்கு ஓர் அர்ச்சனை பண்ணு. மகிழன் பேரில் இல்லை, பிராண்டன் பேரில். அந்த இடம் அவனுக்கே கிடைக்கட்டும். இங்கே பியர்லாந்து மீனாட்சி கோயிலில் ருக்மிணி ஆன்ட்டி தொடங்கி எல்லாரும் நம் பையன் பேரில் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் போய் பிராண்டன் என்று சொன்னால் குருக்களே இவருக்குப் போன் போட்டுவிடுவார்.

தட்டாதே அக்கா.

உன் தங்கை
ஷ்யாமளா


கோயமுத்தூர்
10 ஜூன் 1997

ஷ்யாமு அம்மிணிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளையையும் மகிழனையும் விசாரித்ததாகச் சொல். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, உட்கார்ந்தால் எழ விடாது, எழுந்தால் உட்கார விடாது. மாமா நலம். மாத்திரையை நான்தான் வாயில் போட வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உனக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதா? பெற்ற பிள்ளை தோற்க வேண்டுமென்று சாமியிடம் கேட்கிற தாயை நான் பார்த்ததில்லை. சரி, அடிபடக் கூடாதென்று பயப்படுகிறாய், புரிகிறது. அந்தப் பிராண்டன் தலையை மட்டும் இரும்பிலா செய்திருக்கிறார்கள்? அவனுக்கு அம்மா இல்லையா?

ஹெல்மெட்டோடு மகிழன் நிற்கிற படத்தை டிவி மேல் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பர்வதம் வந்து, "பையன் மிலிட்டரியில சேந்துட்டானா?" என்று கேட்டாள். ஆமாம், கர்னல் என்று சொல்லிவிட்டேன்.

அர்ச்சனைக்கு நட்சத்திரம், ராசி எல்லாம் கேட்பார்கள். வெள்ளைக்காரப் பையனுக்கு எதைச் சொல்ல? தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை விட்டுத் தொலை.

உன் அக்கா
ராஜலக்ஷ்மி


கேட்டி
28 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். வெயில்தான் கொளுத்துகிறது. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், கோயில் தோழி ஒருத்தி ஊருக்கு வரும்போது அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நட்சத்திரம் கிடைத்துவிட்டது. பூராடம், தனுசு ராசி.

எப்படி என்று கேட்கிறாயா? பிராண்டனின் அம்மா டெபியைப் பள்ளியில் பார்த்தேன். பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள். கணவன் விட்டுவிட்டுப் போய் ரொம்ப நாளாயிற்றாம். எங்கள் வழக்கப்படி ஆசீர்வாதம் செய்ய, பிறந்த தேதியும் நேரமும் வேண்டும் என்றேன். முழுப் பொய்யும் இல்லையே! அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி, பக்கத்தில் யாருமே இல்லாமல் அவள் மட்டும் இருந்தது, எல்லாம். "நோபடி எவர் ஆஸ்க்ட் மீ தட், ஷ்யாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அவன் தலையும் தலைதான் என்று எழுதியிருந்தாய். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் டெபி தன் பையன் ஆட வேண்டுமென்று உயிரை விடுகிறாள். ஆடினால்தான் ஏதாவது ஒரு காலேஜ் ஸ்காலர்ஷிப் கொடுத்து அவனைக் கூப்பிடும், இல்லாவிட்டால் அவனுக்கு வேறு வழியில்லை என்கிறாள். நம் பையனுக்குப் படிப்பு இருக்கிறது. இடம் பிராண்டனுக்குப் போனால் இரண்டு அம்மாவும் நிம்மதியாக இருப்போம். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்?

ஆகஸ்ட் பிறப்பதற்குள் செய்துவிடு.

உன் தங்கை
ஷ்யாமளா


கோயமுத்தூர்
16 ஜூலை 1997

அன்புள்ள ஷ்யாமுவுக்கு,

நலம். ஆடி பிறப்பதற்கு முன்பே போய்விட வேண்டுமென்று நேற்று மருதமலைக்குப் போய்விட்டு வந்தேன். படி ஏறவில்லை, மேலே வரைக்கும் பஸ். அர்ச்சனை நல்லபடியாக ஆயிற்று. விபூதிப் பொட்டலம் உள்ளே வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு ஒரு பக்கப் பல் ஆடுகிறது, பிடுங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். பர்வதம் பெண்ணுக்கு வரன் தகைந்துவிட்டது, திருப்பூர்ப் பையன். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ராஜலக்ஷ்மி


கேட்டி
10 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும். நீயும் மாமாவும் சௌக்கியமா? விபூதி வந்து சேர்ந்தது.

பயிற்சி தொடங்கிவிட்டது. காலையில் ஒன்று, மறுபடி சாயங்காலம் ஒன்று. இந்த வெயிலில் ஹெல்மெட்டும் தோள்பட்டைக் கவசமும் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. தொடை பிடித்துக்கொண்டு கத்துகிறான். இவர் கடையிலிருந்து ஐஸ் மூட்டை வாங்கி வந்து பாத்டப்பில் கொட்டுகிறார், அதில் இவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, சிரிப்பு இல்லை. பிராண்டன் இன்றைக்கு எத்தனை பந்து சரியாக எறிந்தான், இவன் எத்தனை எறிந்தான், இதே பேச்சு. மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நேற்றுக் காலையில் ஷூவை மாட்டியவன் சமையலறைக்கு வந்து நின்றான். நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை, "அம்மா, விபூதி வெச்சு விடு" என்றான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிக் கேட்டதே இல்லை. "எனக்காக சாமி கும்பிடு மா. ப்ளீஸ். ஐ வான்ட் திஸ் ஸோ பேட்" என்றான்.

வீட்டில் இருந்த விபூதி நீ அனுப்பியதுதான். அந்தப் பையன் பேரில் வந்த விபூதி. அதை எடுத்து என் பிள்ளை நெற்றியில் பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நின்றான் அக்கா. என்னைவிட ஒரு முழம் உயரம், எனக்காகக் குனிந்து நின்றான்.

நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! அவன் ஆடக் கூடாதென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் அவன் இவ்வளவு தவிக்கும்போது நானே எதிரணியில் நிற்பதா? நீ உடனே மருதமலைக்குப் போ. மகிழன் பேரில், சதயம், கும்ப ராசி, ஒன்று பண்ணு. பழையதை எடுத்துவிட வழி உண்டா என்று குருக்களைக் கேள். சிரிக்காதே, கேள்.

ஷ்யாமளா


கேட்டி
18 ஆகஸ்ட் 1997

அக்கா,

போன கடிதம் கிடைத்ததா? வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர் டீமோடு ஒத்திகை மேட்ச். அதைப் பார்த்துத்தான் கோச் முடிவு செய்யப் போகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல?

நேற்று போனில் "அந்தக் காரியம் என்ன ஆச்சு?" என்று ஜாடையாகக் கேட்டேன். நீ மழையைப் பற்றிப் பேசினாய். இவர் பக்கத்தில் இருந்ததால் மேலே கேட்க முடியவில்லை. கோபமா என் மேல்?

ஷ்யாமளா


கோயமுத்தூர்
22 ஆகஸ்ட் 1997

அன்புள்ள ஷ்யாமுவுக்கு,

நாங்கள் நலம். உன் ஆகஸ்ட் பத்தாம் தேதிக் கடிதம் வந்தது. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எடுப்பதற்கும் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கும், நான் சொல்கிறேன் அல்லவா? பையனுக்கு மோரில் உப்புப் போட்டுக் கொடு. மாமாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று.

அக்கா
ராஜலக்ஷ்மி


கேட்டி
26 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் உடம்பும் எப்படி? நான் கேட்டது நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் பாதி மகிழன், அடுத்த பாதி பிராண்டன். ஆரம்பத்தில் நம் பையன் அழகாகத்தான் எறிந்தான். இவர் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். பிறகு ஒரு பந்து நேராக எதிராளி கையில் போய் விழுந்தது. அதற்கப்புறம் கையே அவனுடையதாக இல்லை. வழுக்கிற்று, தவறிற்று. யாரும் அவனை மோதித் தள்ளவில்லை, ஒரு கீறல் கூட இல்லை. நான் வேண்டிக்கொண்டபடியே! பிராண்டன் வந்து நிதானமாக ஆடிவிட்டுப் போனான்.

நேற்று கோச் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஷூவை அதன் இடத்தில் வைத்தான். "பிராண்டன் காட் இட்" என்றான். கத்தியிருந்தால், எதையாவது தூக்கி உடைத்திருந்தால் தேவலை. தன் அறைக்குப் போய்ப் படுத்தவன் தட்டைத் தொடவில்லை. இவர் கராஜில் போய் காரை ஸ்டார்ட் பண்ணாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். "ஐ வாஸ் நெவர் கோனா கெட் இட், மா. எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியல" என்று இன்று காலையில் சொன்னான். அதைக் கேட்டு நான் உயிரோடு இருக்கிறேன்.

இதில் டெபி வேறு போன் பண்ணினாள். சந்தோஷத்தில் அழுகிறாள். "யூ ஆர் தி ஒன்லி ஒன் ஹூ பிளெஸ்ட் மை பாய்" என்கிறாள். போனை வைத்துவிட்டு சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகிழன் தன்னை லாயக்கில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு திரிகிறான். நான் குறுக்கே விழுந்தது அவனுக்குத் தெரியாது. சொல்லிவிடப் போகிறேன். என்னை வெறுத்தாலும் வெறுக்கட்டும், தன்னை வெறுக்க வேண்டாம்.

ஷ்யாமளா


கோயமுத்தூர்
7 செப்டம்பர் 1997

என் ஷ்யாமு கண்ணுக்கு,

எங்கள் நலம் கிடக்கட்டும். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மகிழனிடம் எதையும் சொல்லிவிடாதே. சொல்ல ஒன்றுமே இல்லை.

நான் பிராண்டன் பேரில் அர்ச்சனை பண்ணவில்லை.

பண்ணத்தான் போனேன். நீ எழுதிய நட்சத்திரத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். குருக்கள் "பேர் சொல்லுங்கம்மா" என்றார். "மகிழன், சதயம், கும்ப ராசி" என்று வந்துவிட்டது. வாய் தவறி என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். எனக்குப் பிள்ளை இல்லை. டிவி மேல் இருக்கிற அந்தப் படம்தான் எனக்குப் பிள்ளை. பெற்ற நீ வேண்டாம் என்றால், பெரியம்மா நான் கேட்கக் கூடாதா? அவன் ஜெயிப்பான், அப்புறம் உன்னிடம் சொல்லி, இரண்டு பேரும் சண்டை போட்டுச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அதனால்தான் போனில் மழுப்பினேன்.

அவன் நெற்றியில் நீ பூசியது அவன் விபூதியேதான். உன்னால் ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கு.

முருகன் ஏன் நான் கேட்டதைக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. டிவியைப் போடும்போதெல்லாம் படத்தைப் பார்த்து அழுகை வருகிறது. மாமாவுக்குக் கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா
ராஜலக்ஷ்மி


கேட்டி
21 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவனிடம் சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்து கூட்டி வரப் போனபோது, பள்ளிக்கூட பார்க்கிங்கிலேயே சொன்னேன். மருதமலை, பெரியம்மா, நட்சத்திரம், எல்லாம். "யூ பிரேய்ட் ஃபார் பிராண்டன்?" என்றான். ஆமாம் என்றேன். கதவில் கை வைத்தான். இறங்கிப் போய்விடுவான், இனிமேல் அம்மா என்று கூப்பிட மாட்டான் என்று நினைத்தேன்.

"ஸோ, நான் வின் பண்ணிடுவேன்னு நீ நெனச்சியா?"

"நீதான் ஜெயிப்பேன்னு எனக்குத் தெரியும்டா. அதனாலதான சாமி வரைக்கும் போனேன்!"

"டாட் வாஸ் ஜஸ்ட் ஹோப்பிங்" என்றான். "யூ நியூ. உனக்குத் தெரிஞ்சிருக்கு." பிறகு டேஷ்போர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். தோற்ற பிறகு அன்றுதான் அழுதான் அக்கா. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. முதலில் உன் மேல் ஆத்திரமாக வந்தது. பெற்றவளை மீறி நீ யார் என்று கூட நினைத்தேன், மன்னித்துக்கொள். யோசித்தால் வேறு ஒன்று புரிந்தது. அங்கே நீ, இங்கே கோயிலில் இத்தனை பேர், எல்லாரும் அவனுக்காகவே கேட்டிருக்கிறீர்கள். அப்படியும் தோற்றான் என்றால் அவனேதான் தோற்றான். அதை நான் அவனிடம் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லாதே. போனில் கேட்டால், "ஆமா சாமி, பிராண்டன் பேர்லதான் பண்ணேன்" என்று சொல். பொய்தான். சொல்.

எழுத வந்தது அதுவும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமை மேட்சுக்குப் போயிருந்தேன். மகிழன் சட்டை கசங்காமல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். இப்படி அவன் பத்திரமாக நிற்க வேண்டும் என்றுதானே கேட்டேன். இவர் வரவில்லை, ஆபீஸில் வேலை என்றார். டெபி என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பாதியில் பிராண்டனை ஒருவன் பக்கவாட்டில் மோதினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. டெபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் எலும்பு நோகிற பிடி. கோச் மகிழன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவன் ஹெல்மெட்டை மாட்டினான். மாட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் மேலே திரும்பி என்னைத் தேடினான், கண்டுபிடித்தும்விட்டான். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்!

அக்கா, பிராண்டன் எழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முருகா, அவன் அப்படியே கிடக்கட்டும், என் பிள்ளை உள்ளே போகட்டும் என்று. அவன் அம்மாவின் கை என் கைக்குள் இருக்கும்போதே. அவள் எனக்குச் சொன்ன பிறந்த நேரம் கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவன் எழுந்துவிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். மகிழன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். டெபி என் தோளில் சாய்ந்து, "நீ வேண்டிக்கொண்டாய், எனக்குத் தெரியும்" என்று அவள் பாஷையில் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முழங்காலைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம். நீ மருதமலைக்குப் போனால் உனக்காகக் கும்பிட்டுவிட்டு வா. என் பேரைச் சொல்லாதே.

ஷ்யாமளா